கைநழுவிய பந்தும் கைவிடாத ஈமானும்



மார்க்கம் பேசும் பக்கத்தில் பந்தாட்ட வீரர் ஒருவருக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், ரமலான் மாதம் வந்துவிட்டால் நம் இல்லங்களில் எழும் ஒரு சிக்கல் உண்டு. "பரீட்சை இருக்கிறது, நோன்பு வைத்தால் மூளை ஓடாது" என்கிறான் மகன். "வேலை கடினம், பட்டினியோடு செய்ய இயலாது" என்கிறார் தந்தை. "பந்தயம் இருக்கிறது, ஜும்ஆவுக்கு வர முடியாது" என்கிறான் இளவல். உழைப்பும் இபாதத்தும் ஒன்றுக்கொன்று பகையென்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அம்முடிவு சரிதானா என்பதை ஆராய, ஹக்கீம் ஒலாஜுவான் என்னும் கூடைப்பந்து வீரரின் வாழ்க்கை நமக்குப் பெரிதும் துணை செய்கிறது.

தவறிய பந்தைத் தாவிப் பிடிப்பவர்

1891ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், பழக்கூடைகளை உயரத்தில் மாட்டித் தோற்றுவித்த விளையாட்டே கூடைப்பந்து. தரையிலிருந்து 10 அடி உயரத்தில் வளையம் இருக்கும். அதனுள் பந்தைப் போடுபவருக்கே கைதட்டல். அவர் பெயரே மறுநாள் நாளேடுகளில் பெரிய எழுத்தில் வரும்.

ஆனால் எறியப்படும் பந்துகள் அனைத்தும் வளையத்தினுள் விழுவதில்லை. பல, விளிம்பில் மோதித் தெறித்துவிடும். அவ்வாறு தவறித் திரும்பும் பந்தைத் தாவிக் கைப்பற்றுவதற்கு 'ரீபவுண்ட்' என்று பெயர். பந்து எப்பக்கம் தெறிக்கும் என்பதை முன்னரே கணிக்க வேண்டும்; எதிரணியினரைத் தம் முதுகுக்குப் பின்னால் தடுத்து நிறுத்தி இடம்பிடிக்க வேண்டும்; நெரிசலுக்கிடையே தக்க கணத்தில் எழும்ப வேண்டும். முழங்கை இடிபடும், விலா நோகும். இத்தனைக்கும் பிறகு அதனால் நேரே ஒரு புள்ளியும் கிடைப்பதில்லை. பிறர் தவறவிட்டதை மீட்டுக் கொடுக்கும் பணி அது. பொறுமையுள்ளவனுக்கே அது வாய்க்கும்.

இப்பணியில் தலைசிறந்து நின்றவர்களுள் ஒருவரே ஹக்கீம். அமெரிக்காவின் என்.பி.ஏ. என்னும் தொழில்முறைச் சங்கத்தில் 1984 முதல் 2002 வரை 18 பருவங்கள் ஆடிய அவர், 13,748 ரீபவுண்டுகளை எடுத்தார். முதல் 12 பருவங்களிலும் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்துக்குக் குறையாமல் எடுத்து வந்தார். 1988-89, 1989-90 ஆகிய இரு பருவங்களிலும் நாட்டிலேயே முதலிடம் அவருக்குத்தான். எதிரணியினர் எறியும் பந்தை நடுவானில் தடுப்பதிலோ அவருக்கு நிகர் எவருமில்லை. அவர் தடுத்த 3,830 பந்துகள் என்னும் எண்ணிக்கையை இன்றுவரை ஒருவரும் எட்டவில்லை.

லாகோஸ் நகரத்துச் சிறுவன்

1963ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள், நைஜீரியாவின் லாகோஸ் நகரில், யொரூபா இனத்து முஸ்லிம் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். தந்தை ஸலீம், தாய் அபீக்கே. சிமெண்ட் வணிகம் செய்தவர்கள். தொழுகையும் நோன்பும் நேர்மையும் அவ்வீட்டின் பாலபாடங்கள். அச்சிறுவன் ஆடியதோ கால்பந்தும் கைப்பந்தும். கோல் காக்கும் பணியில் கைகளும் கால்களும் பழகியிருந்தன. கூடைப்பந்தைக் கையில் எடுத்ததே பதினைந்து வயதுக்குப் பிறகுதான். லாகோஸ் முஸ்லிம் ஆசிரியர் கல்லூரியில் பயின்ற அந்த நெடிய இளைஞர், 1980இல் கடல் கடந்து அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தை அடைந்தார்.

சென்ற முதற் பருவத்தில் அவர் களத்தில் இறக்கப்படவில்லை. அதற்காக அவர் சோர்ந்துவிடவில்லை. ஹூஸ்டனின் ஃபாண்டி பொழுதுபோக்கு மையத்தில், ஆறு முறை ரீபவுண்டில் நாட்டின் முதலிடம் பெற்ற மோசஸ் மலோன் என்னும் மாவீரருடன் கோடைதோறும் மோதிப் பயின்றார். வல்லவரிடம் அடிபட்டுத் தொழில் கற்பதும் ஒருவகை மாணாக்கத்தனமே அன்றோ! 1983, 1984 ஆகிய இரு ஆண்டுகளிலும் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான இறுதிப் போட்டி வரை சென்று அவரது அணி தோற்றது. ஆயினும் 1984இல் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி, நாட்டின் எல்லா இளம் வீரர்களுக்கும் முன்பாக அவரையே முதலாவதாகத் தேர்ந்தெடுத்தது.

விடுபட்ட ஓர் எழுத்து

செல்வம் வந்தது, புகழ் வந்தது. வீட்டில் கற்ற வணக்கமோ பின்னுக்குச் சென்றது. தொடக்க ஆண்டுகளில் களத்தில் சினத்துக்கும் கைகலப்புக்கும் அவர் பெயர் பெற்றிருந்தார். அன்னிய மண்ணில் தனியே வாழும் இளைஞனுக்கு நேரும் சோதனை இது. நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் இச்சோதனையில் சிக்கியுள்ளனர் என்பதைப் பெற்றோர்களாகிய நீங்கள் அறிவீர்கள்.

எனினும், பாலப்பருவத்தில் விதைத்த விதை மடிந்துவிடவில்லை. ஹூஸ்டனில் பள்ளிவாசலின் தொடர்பு மீண்டும் ஏற்பட்டது. குர்ஆனைக் கையிலெடுத்தார், ஐவேளைத் தொழுகையைப் பேணலானார். ஆட்டத்துக்காகச் செல்லும் ஊர்களிலும் பள்ளிவாசலைத் தேடிச் சென்றார். கிப்லாவை அறியச் சிறு திசைகாட்டியை உடன் வைத்திருந்தார்.

1991ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவர் ஓர் அறிவிப்புச் செய்தார். அதுவரை அமெரிக்கர்கள் அவரது பெயரை 'அக்கீம்' என்றே எழுதி வந்தனர். இனி 'ஹக்கீம்' என்றே எழுத வேண்டும் என்றார். பெயரை மாற்றவில்லை, பிழையைத் திருத்துகிறேன் என்பதே அவர் சொன்னதன் கருத்து.

ஓர் எழுத்துத்தானே என்று எண்ணிவிடாதீர்கள். அரபு மொழியில் 'ஹா' என்பது தொண்டையின் நடுவிலிருந்து பிறக்கும் எழுத்து. மதரஸாவில் குழந்தைக்கு உஸ்தாது முதலில் திருத்துவது இத்தகைய எழுத்துகளையே. தொண்டையிலிருந்து எழும் 'ஐன்' கொண்டு 'அலீம்' என்றால் நன்கறிந்தவன். அதையே 'அலிஃப்' கொண்டு ஓதினால் நோவினை தருவது என்று பொருள் தலைகீழாகிவிடும். 'ஹக்கீம்' என்றால் ஞானமுடையவன். வைத்தியரையும் அவ்வாறே அழைக்கிறோம். அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களுள் 'அல்ஹக்கீம்' என்பதும் ஒன்று. அத்தகைய பெயரை உலகம் தன் வசதிக்கேற்பச் சிதைத்தபோது, உலகத்துக்காகத் தம் பெயரை விட்டுக்கொடுக்க அவர் இசையவில்லை. பிள்ளைகளுக்கு அழகிய பெயர் சூட்டிவிட்டு, வெளியுலகத்துக்காக அதனைக் குறுக்கிக் கூப்பிடும் நாம் இதைச் சிந்திக்க வேண்டும்.

நோன்பாளியின் களம்

1994ஆம் ஆண்டு அவர் வாழ்வின் பொன்னாண்டு. நியூயார்க் நிக்ஸ் அணியுடன் நடந்த ஏழு ஆட்டங்கள் கொண்ட இறுதித் தொடரில், ஆறாம் ஆட்டத்தின் கடைசிக் கணத்தில் எதிரணியினர் எறிந்த பந்தை விரல் நுனியால் தடுத்துத் தம் அணியைக் காத்தார். ஏழாம் ஆட்டத்தையும் வென்று ஹூஸ்டன் முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது. பருவத்தின் தலைசிறந்த வீரர், தலைசிறந்த தடுப்பாளர், இறுதித் தொடரின் தலைசிறந்த வீரர் ஆகிய மூன்று விருதுகளையும் ஒரே பருவத்தில் அவர் பெற்றார். இன்றுவரை வேறெவரும் அவ்வாறு பெற்றதில்லை.

மறு ஆண்டு, 1995 பிப்ரவரி 1ஆம் நாள் ரமலான் பிறந்தது. பருவத்தின் நடுக்கட்டம் அது. நாள் விட்டு நாள் ஆட்டம். ஊர் விட்டு ஊர் பயணம். ஹக்கீம் நோன்பு நோற்றார். ஸஹர் நேரத்தில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொள்வார். மாலை மங்கிய பிறகு நடக்கும் ஆட்டங்களுக்கு முன்னரே நோன்பு திறக்க வாய்ப்பிருந்தது. பகலில் நடக்கும் ஆட்டங்களிலோ ஒரு மிடறு நீரும் அருந்தாமல் ஓடினார். நடந்தது என்ன? அந்தப் பிப்ரவரி மாதத்தின் தலைசிறந்த வீரர் என்று என்.பி.ஏ. சங்கம் அவரையே தேர்ந்தெடுத்தது! அவ்வாண்டு ஆறாம் நிலையிலிருந்து எழுந்த ஹூஸ்டன் அணி, ஒர்லாண்டோ மேஜிக் அணியை நான்கு ஆட்டங்களிலும் வென்று மீண்டும் கோப்பையைப் பெற்றது.

சட்டம் கூறுவது என்ன?

இங்கே ஒரு தெளிவு தேவை. பயணிக்கும் நோயாளிக்கும் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யும் சலுகையை, அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களில் அல்லாஹ் அருளியுள்ளான். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ரமலானில் மக்காவை நோக்கிப் புறப்பட்ட பெருமானார் (ஸல்) அவர்கள், நோன்பு நோற்றவாறே சென்று, கதீத் என்னும் இடத்தை அடைந்ததும் நோன்பை விட்டார்கள், மக்களும் விட்டனர். பயணத்தில் ஸஹாபாக்களுள் சிலர் நோற்றனர், சிலர் விட்டனர். ஒருவரையொருவர் குறை கூறவில்லை. ஆகவே பயணத்தில் நோன்பை விட்டவரைப் பழிப்பது மார்க்கம் அன்று. அதே நேரத்தில், துன்பம் தராவிட்டால் பயணியும் நோற்பதே சிறப்பு என்பது ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளின் முடிவாகும்.

ஹக்கீம் வெளியூர் ஆட்டங்களில் சலுகையைப் பயன்படுத்தியிருந்தால் குற்றமில்லை. உடல் தாங்கியதால் சிறப்பானதைத் தேர்ந்தார். ஆனால் உள்ளூரில் தங்கியிருப்பவருக்கு விளையாட்டு ஒரு காரணமாகாது. கடின உழைப்பாளியும் இரவில் நிய்யத்து வைத்து நோன்பைத் தொடங்க வேண்டும். தாங்கவியலாத வருத்தம் உண்மையாகவே நேர்ந்தால் மட்டும் விட்டுவிட்டுக் களாச் செய்யலாம். சோதிக்காமலேயே "என்னால் முடியாது" என்று கூறுவதற்கு இடமில்லை.

விளையாட்டு வீண் என்போரும் சிலர் உளர். பெருமானார் (ஸல்) அவர்கள் மல்லன் ருகானாவுடன் மல்யுத்தம் செய்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். மதீனாவில் குதிரைப் பந்தயமும் நடத்தினார்கள். எனவே உடல் வலிமையை மார்க்கம் வெறுக்கவில்லை. தொழுகையைப் பாழாக்குவதும், சூதாட்டம் கலப்பதும், ஆண்கள் தொப்புள் முதல் முழங்கால் வரை மறைக்காமல் ஆடுவதுமே கண்டிக்கத்தக்கன.

வங்கியாக இருந்த கட்டடம்

கையில் வந்த செல்வத்தை அவர் எவ்வாறு நடத்தினார் என்பதும் அறியத்தக்கது. புகழ்பெற்ற வீரர்களின் பெயரில் வரும் காலணிகள் நூறு டாலருக்கு மேல் விற்ற காலத்தில், ஏழைத் தாய்மார்களின் பிள்ளைகளும் வாங்கத்தக்கதாகச் சுமார் 35 டாலர் விலையுள்ள காலணிக்கே தம் பெயரை அளித்தார். நிலங்களை வாங்கி விற்கும் வணிகத்தில் இறங்கியபோது, வட்டிக்குக் கடன் வாங்காமல் ரொக்கப் பணத்திலேயே வாங்கினார்.

ஹூஸ்டன் நகரின் மையத்தில், 1928இல் எழுந்த பழைய வங்கிக் கட்டடம் ஒன்று உண்டு. 1994இல் அதனை விலைக்கு வாங்கி, இஸ்லாமிய அழைப்புப் பணி மையமாக்கினார். வட்டிக் கணக்கு எழுதப்பட்ட மாளிகையில் இன்று பாங்கோசை எழுகிறது, ஸஜ்தா செய்யப்படுகிறது. களத்தில் தவறிய பந்துகளை மீட்டவர், களத்துக்கு வெளியே ஒரு கட்டடத்தையே மீட்டுவிட்டார்!

2002இல் ஓய்வு பெற்ற பின்னர், ஜோர்டான் நாட்டுக்குச் சென்று அரபு மொழியும் மார்க்கக் கல்வியும் பயின்றார். 2008இல் கூடைப்பந்தின் புகழரங்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அரங்குகள் அதிர ஆடியவர், நாற்பது வயதில் கிதாபைத் திறந்து மாணாக்கராக அமர்ந்தார் என்பதே எனக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுகிறது.

பெற்றோர்களே! இளைஞர்களே!

தொழுகையை விட்டுத் தொலைவில் சென்றுவிட்ட பிள்ளையை நினைத்து இரவுகளில் கண்ணீர் வடிக்கும் தாய்மார்களுக்கு இவ்வரலாற்றில் ஆறுதல் உண்டு. ஸலீமும் அபீக்கேயும் லாகோஸில் ஊன்றியது, பல்லாண்டு கழித்து ஹூஸ்டனில் முளைத்தது. எனவே பிள்ளையைச் சபிக்காதீர்கள். வீட்டுக் கதவையும் துஆவின் கதவையும் அடைத்துவிடாதீர்கள். திரும்பி வருகையில் ஏந்திக்கொள்ளும் கைகள் தயாராக இருக்க வேண்டும்.

இளைஞர்களே! உங்கள் திறமையை ஒளிக்க வேண்டாம்; உங்கள் ஈமானையும் ஒளிக்க வேண்டாம். தவறிய தொழுகை இருந்தால் இன்றே களாச் செய்யத் தொடங்குங்கள். விட்ட நோன்பு இருந்தால் எண்ணிக் கணக்கிட்டு நோற்றுவிடுங்கள். தவறு நேராத மனிதர் எவர்? தவறியதை மீட்க எழும்புகிறவரையே அல்லாஹ் நேசிக்கிறான். தவ்பாவின் வாசல், உயிர் தொண்டைக்குழியை அடையும்வரை திறந்தே இருக்கிறது. ஆட்டம் முடிந்ததற்கான ஒலி எப்போது எழும் என்பதோ நம்மில் எவருக்கும் தெரியாது.

வல்ல நாயன் நம் அனைவருக்கும் உடல் வலிமையையும் உள்ள உறுதியையும் அருளி, நம் மக்களைத் தொழுகையைப் பேணும் நன்மக்களாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.