நடுவில் நின்றவர்கள்: அமெரிக்க மிதவாதிகளின் மறைவும் நமது கேள்வியும்



அமெரிக்க நாடாளுமன்றத்தில் மிதவாதிகள் அருகிவிட்டார்கள், இரு கட்சிகளும் எதிரெதிர் மூலைக்குப் போய்விட்டன என்று அந்நாட்டு ஏடுகள் பல ஆண்டுகளாகக் கவலைப்படுகின்றன. ஒடுக்கப்பட்டோர் அரசியல் பேசும் நாம் அந்தக் கவலையை அப்படியே வாங்கிக்கொள்ள முடியாது; ஒதுக்கித் தள்ளவும் முடியாது. நடுவில் நின்றவர்கள் யாருக்கும் யாருக்கும் நடுவில் நின்றார்கள்? அந்தச் சமரசத்துக்கு விலை கொடுத்தது யார்? நாம் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1950இல் அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் குழுவொன்று அறிக்கை வெளியிட்டது. இரண்டு கட்சிகளுக்கும் இடையே தெளிவான கொள்கை வேறுபாடு இல்லை என்பது அதன் குறை. இன்று படித்தால் சிரிப்புதான் வரும். ஆனால் அன்றைய நிலைமைக்குக் காரணம் இருந்தது. வடக்கின் தொழிற்சங்கத்தாரும் தெற்கின் வெள்ளை ஆதிக்கவாதிகளும் ஜனநாயகக் கட்சி என்ற ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். கூரை சரியாமல் இருக்க வேண்டுமானால் கறுப்பின மக்களின் உரிமையைப் பேசாமல் இருக்க வேண்டும். 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டுவேலை செய்வோரையும் வெளியே நிறுத்தியது. தெற்கில் கறுப்பினத்தவர் பெரும்பாலும் செய்துவந்தது இந்த இரண்டு வேலைகளைத்தான். கும்பல் கொலைக்கு எதிரான மசோதா 1922இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டில் தென்மாநில உறுப்பினர்கள் முட்டுக்கட்டை போட்டு அதைச் சாகடித்தார்கள். அப்படியொரு சட்டம் கடைசியில் வந்தது 2022இல். சரியாக நூறு ஆண்டு. மார்ட்டின் லூதர் கிங் 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், வெளிப்படையான வெறியரைவிட 'பொறுங்கள்' என்று சொல்லும் வெள்ளை மிதவாதியே பெரிய தடை என்று வருந்தியதற்கு இந்த வரலாறுதான் பின்னணி.

ஆனாலும் கதை இத்தோடு முடிவதில்லை. 1964இன் குடிமை உரிமை மசோதாவைத் தென்மாநில உறுப்பினர்கள் மீண்டும் பேசியே முடக்கப் பார்த்தார்கள். விவாதத்தை முடித்துவைக்க அன்று செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, அதாவது 67 வாக்குகள், தேவை. ஜனநாயகக் கட்சிக்கு அங்கே 67 பேர் இருந்தும் அவர்களில் 44 பேர்தான் ஆதரித்தார்கள். எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் தலைவர் எவரெட் டர்க்சன் தம் கட்சியின் 33 பேரில் 27 பேரைக் கொண்டுவந்து சேர்த்தார். 71க்கு 29. டர்க்சன் புரட்சியாளர் அல்ல. பேரம் பேசி மசோதாவில் திருத்தங்களை வாங்கிய பிறகே வந்தார். பர்மிங்காம் தெருக்களில் குழந்தைகள் வரை சிறை சென்றிராவிட்டால் அவர் அசைந்திருக்கவும் மாட்டார். ஆனால் தெருவின் அழுத்தம் சட்டமாக மாற அந்த 27 கைகள் தேவைப்பட்டன.

அந்தச் சட்டத்துக்குப் பிறகு தெற்கின் வெள்ளையர் படிப்படியாகக் குடியரசுக் கட்சிக்கு நகர்ந்தார்கள். கட்சிகள் தனித்தனியாகப் பிரிந்தன. அதற்கு மேல் ஓர் ஏற்பாடு சேர்ந்து வேலை செய்தது. நம் ஊரில் 'சீட்' கொடுப்பது கட்சித் தலைமை. அங்கே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க முதனிலைத் தேர்தல் நடக்கிறது. அதில் வாக்களிக்க வருவோர் குறைவு. வருவோரில் தீவிரப் பற்றாளர்களே அதிகம். தொகுதி எல்லைகளும் ஒரு கட்சிக்குச் சாதகமாக வளைக்கப்பட்டிருப்பதால், பல இடங்களில் முதனிலைத் தேர்தலே உண்மையான தேர்தல். எதிர்க்கட்சியோடு கைகுலுக்கியவர் அங்கேயே வீழ்கிறார். 2021 ஜனவரியில் டிரம்ப் மீதான பதவிநீக்கக் குற்றச்சாட்டை ஆதரித்து பிரதிநிதிகள் சபையில் வாக்களித்த குடியரசுக் கட்சியினர் பத்துப் பேர். அவர்களில் நால்வர் மறுபடி நிற்கவே இல்லை. நால்வர் முதனிலையில் தோற்றார்கள். திரும்பி வந்தவர்கள் இருவர். அந்த இருவரும் கட்சி பேதமின்றி எல்லா வாக்காளரும் ஒரே முதனிலையில் வாக்களிக்கும் மாநிலங்களைச் சேர்ந்தவர்கள்.

இதில் நமக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் 1965ஆம் ஆண்டுச் சட்டம் 2006இல் நீட்டிக்கப்பட்டபோது செனட்டில் 98க்கு 0. குடியரசுக் கட்சியின் புஷ் கையெழுத்திட்டார். 2013இல் உச்ச நீதிமன்றம், எந்த மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்ற முன் அனுமதி பெற வேண்டும் என்பதை வரையறுத்த பிரிவை 5க்கு 4 என்று ரத்து செய்தது. நாடாளுமன்றம் புதிய வரையறை செய்யலாம் என்றும் சொன்னது. அதற்கான மசோதா 2021 நவம்பரில் செனட்டுக்கு வந்தபோது விவாதிக்கவாவது சம்மதித்த குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒரே ஒருவர்: அலாஸ்காவின் லிசா முர்கோவ்ஸ்கி. பதினைந்தே ஆண்டுகளில் ஒரு கட்சி முழுவதும் கைவிட்டுவிட்டது. உரிமை கேட்பவரையும் பறிப்பவரையும் 'இரு துருவங்கள்' என்று ஒரே தட்டில் வைத்து எழுதுவோர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

முர்கோவ்ஸ்கி எப்படித் தாக்குப்பிடித்தார்? 2010இல் கட்சியின் முதனிலையில் தோற்று, வாக்காளர் சீட்டில் தம் பெயரை எழுதி வாக்களித்ததால் வென்றவர் அவர். பிறகு அலாஸ்கா முறையையே மாற்றியது: எல்லோரும் சேர்ந்து முதலில் நால்வரைத் தேர்ந்தெடுப்பது, பிறகு அவர்களை விருப்ப வரிசைப்படி எல்லோரும் வாக்களித்துத் தீர்மானிப்பது. 2022இல் அந்த முறையில் வென்றார்.

நால்வர் என்றதும் நமக்கு 1932 நினைவுக்கு வர வேண்டும். பூனா ஒப்பந்தமும் நால்வரைத்தான் சொன்னது. ஒதுக்கப்பட்ட இடங்களுக்கு முதலில் தீண்டப்படாதோர் மட்டும் வாக்களித்து நால்வரைத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு பொதுத் தொகுதி அந்த நால்வரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். சேரி முதலாவதாக வைத்தவர் தோற்று, நான்காவதாக வைத்தவர் வெல்லலாம். 'எல்லோருக்கும் ஏற்புடையவர்' என்றால் ஊருக்கு ஏற்புடையவர் என்று பொருள். அம்பேத்கரின் மனக்குறை இதுதான்; அரை நூற்றாண்டு கழித்து 1982இல் கன்ஷிராம் 'சம்ச்சா யுகம்' எழுதியதும் இதைப் பற்றித்தான். இரண்டு இடத்திலும் கடைசி வாக்கு பொதுவில்தான் இருந்தது. அலாஸ்காவில் அது வாக்குரிமை மசோதாவை ஆதரித்த ஒருவரைக் காப்பாற்றியது. இங்கே, தன் மக்களிடம் வாய்மூடி நிற்கக்கூடியவரைத் தேடிப்பிடிக்கப் பயன்பட்டது. ஊருக்கும் சேரிக்கும் இடையே இருப்பது கட்சி வேறுபாடு அல்லவே.

இன்றைய தனித்தொகுதியில் அந்த முதல் கட்டமும் கிடையாது. நால்வரை அல்ல, ஒருவரைக்கூட நாம் முன்மொழிவதில்லை. பட்டியல் கட்சி அலுவலகத்திலிருந்து வருகிறது.