போகிக்குக் கொளுத்தாத மூட்டை

நைனா இறந்து வந்த முதல் போகி. வருஷம் திரும்பாத வீட்டில் பொங்கல் கிடையாது. பரணையாவது ஒழிப்போம் என்று ஏணி போட்டேன். கனகம்மாசத்திரத்தில் எங்கள் வீடு திருப்பதி நெடுஞ்சாலையிலிருந்து நாலு வீடு உள்ளே. லாரி போனால் பரண் சாமான் கிணுகிணுக்கும். இத்தனை வருஷம் கிணுகிணுத்தவை ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின: டியூப் லைட் மூன்று, சிஎஃப்எல் பல்பு ஐந்து, பாதி டப்பா நீல எனாமல் பெயிண்ட், செருப்புப் பெட்டி நிறைய மாத்திரை அட்டை, செத்துப்போன இன்வெர்ட்டர் பேட்டரி. கடைசியில், வேட்டித் துணியில் சுற்றிய பூச்சிமருந்து பாட்டில். திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போட்ட காலத்து மிச்சம். லேபிளில் சாய்த்துவைத்த சதுரம், அதன் கீழ்ப்பாதி சிவப்பு. எழுத்துத் தெரியாதவருக்கும் புரிய வைத்த அடையாளம் அது: சிவப்பு கொடிய விஷம், அதற்கடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சையாக இருந்தாலும் விஷம் விஷம்தான்.

"எல்லாத்தையும் விடியக்காலைல கொளுத்திடலாங்கா" என்றான் தம்பி. டயர் கொளுத்துகிற வயசு தாண்டியும் அவனுக்குப் புத்தி வரவில்லை.

நான் மறித்தது சட்டம் தெரிந்து அல்ல. நைனாவுக்கு இன்சுலின் போட்ட நாட்களில் ஊசிகளைக் கேரி பேகில் முடிந்து குப்பையோடு கொடுத்துவிடுவேன். ஒருநாள் காலை தூய்மைக் காவலர் அக்கா பையை அமுக்கிப் பிரித்தவர், "ஸ்ஸ்" என்று கையை உதறினார். ஆள்காட்டி விரல் நுனியில் கடுகளவு ரத்தம். "இன்னாம்மா, உள்ள முள்ளு கட்டி வெச்சிக்கிறியா?" என்று சிரிக்கத்தான் செய்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தப் பரிசோதனை, பிறகு மூன்றாம் மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. எதுவும் இல்லை என்று வரும்வரை அவர் வண்டிச் சத்தம் கேட்டால் நான் அடுக்களைக்குள் போய்விடுவேன்.

விதி என்ன சொல்கிறது என்று அதற்குப் பிறகுதான் தேடினேன். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் இதற்குத் தனிப் பெயரே இருந்தது: வீட்டு அபாயக் கழிவு. பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, சிஎஃப்எல், டியூப் லைட், காலாவதி மருந்து, உடைந்த தெர்மாமீட்டர், பேட்டரி, ஊசி என்று எங்கள் பரணைப் பார்த்து எழுதிய மாதிரி பட்டியல். மக்குவது, மக்காதது என்று நாம் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். இது மூன்றாவது வகை. இதை வாங்கிவைக்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வேண்டும், அங்கிருந்து பத்திரமாக அனுப்புவது உள்ளாட்சியின் பொறுப்பு என்றும் இருந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் வந்த புதிய விதிகள் குப்பையை நாலாகப் பிரிக்கின்றன: ஈரம், உலர்ந்தது, நாப்கின் டயாபர் வகையறா, நாலாவதாகத் தனிக் கவனம் வேண்டியவை. எங்கள் பரண் நாலாவதில் வருகிறது.

இவை போய்ச் சேரக்கூடிய நிலையம் தூரதேசத்தில் இல்லை. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிறது. தொழிற்சாலை ஒன்று அங்கே ரசாயனச் சேறு அனுப்பினால் ஏழு நிறத்தில் ஏழு நகல் சீட்டு. வெள்ளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு, மஞ்சள் அனுப்புகிறவருக்கு, ஆரஞ்சு வண்டிக்காரருக்கு என்று போய், ஏழாவது சாம்பல் நிறம். சரக்கு மாநில எல்லை தாண்டினால் மட்டும் அதற்கு வேலை. பக்கத்து மாநிலத்தில் கொண்டுபோய் ஒழிப்பதானால் இரண்டு மாநில வாரியங்களும் தடையில்லாச் சான்று தர வேண்டும். எங்கள் பக்கத்துத் திருத்தணி 1960 மார்ச் வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். நகரிக்குப் பஸ் ஏறினால் எல்லை தாண்டிவிடும் எங்களுக்கு இந்தச் சாம்பல் சீட்டின் அருமை தெரியும். 2024 டிசம்பரில் திருநெல்வேலி நடுக்கல்லூர்ப் பக்கம் கேரள ஆஸ்பத்திரிக் கழிவைக் கொட்டிப் போனார்களே, அதற்கு எந்த நிறத்தில் சீட்டு இருந்தது? பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு கேரளமே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது.

என் டியூப் லைட்டுக்குச் சீட்டு எதுவும் இல்லை. விசாரித்த இடத்தில், "மக்காத குப்பைல போட்டுடுங்கம்மா" என்றார்கள்.

பேட்டரிதான் சுலபமாகப் போனது. ஈயத்துக்கு விலை உண்டு. புதிது வாங்கினால் கடைக்காரர் பழையதை எடுத்துக்கொண்டு கழித்துத் தருகிறார். கொண்டுபோகும் விதம்தான் முக்கியம். தம்பி அதைச் சாக்கில் சுற்றி டிவிஎஸ் எக்ஸ்எல்லின் முன்னால் படுக்கப் போட்டு ஓட்டினான். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. பேண்ட்டைத் துவைத்து உதறியபோது முழங்காலுக்கு மேல் சல்லடை. பிளாஸ்டிக் டப்பில் நிமிர்த்தி வைத்திருந்தால் அமிலம் வழிந்திருக்காது.

பல்புகளைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம். உடைந்துவிட்டால் துடைப்பத்தை எடுக்கக் கூடாது, பெருக்கினால் பரவும். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, கொஞ்ச நேரம் வெளியே இருந்துவிட்டு, தடித்த அட்டையால் வாரி மூடி போட்ட பாட்டிலில் போட வேண்டும். பொடியை செல்லோ டேப்பில் ஒற்றி எடுக்கலாம்.

பூச்சிமருந்து பாட்டிலுக்குத்தான் வழி கிடைக்கவில்லை. காலி டப்பாவை மறுபடி யாரும் எடுத்துப் புழங்காதபடி உடைத்து, குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்கச் சொல்கிறது 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதி. இதில் இன்னும் கால் பாட்டில் மருந்து இருக்கிறது. கிணற்றடியில் கொட்டவா? மூடியுள்ள பெயிண்ட் வாளியில் மணல் போட்டு, நடுவில் பாட்டிலை நிறுத்தி, 'விஷம்' என்று எழுதிப் பூட்டிவைத்தேன்.

இப்போது அம்மாவுக்கும் இன்சுலின். ஊசிகள் தடித்த பினாயில் கேனுக்குள் போகின்றன. நிறைந்ததும் மூடியை டேப்பால் ஒட்டி, சிவப்பு நகப்பூச்சில் 'ஊசி' என்று எழுதி அக்காவின் கையில் தனியாகக் கொடுக்கிறேன். முதல் தடவை வாங்கியவர் கிலுகிலுப்பை மாதிரி ஆட்டிப் பார்த்துவிட்டு, வண்டிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டார். வாளியைக் காட்டியதும் ஓரடி பின்னால் போனார்.

"அத்த நீயே வெச்சிரும்மா. எங்க கொண்டுபோய்க் குடுக்கணும்னு எனக்கு யாரு சொல்றாங்களோ, அன்னிக்கி வந்து வாங்கிக்கறேன்."