செட்டு சேரும் செல்கள்!

காலேஜ் முதல் நாள் ஞாபகம் இருக்கா? ஆடிட்டோரியத்தில் எல்லோரையும் கலந்துகட்டி உட்கார வைத்திருப்பார்கள். ஒரே வாரம்தான்... கேன்டீனில் பார்த்தால் செட்டு செட்டாகப் பிரிந்திருப்பீர்கள். யாரும் ஆர்டர் போடவில்லை, தானாக நடந்தது. உங்கள் உடம்பில் இருக்கும் செல்களும் இதே கில்லாடிகள்தான்!

1907-ல் வில்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, உயிருள்ள கடல்பஞ்சை மெல்லிய துணியில் வைத்துப் பிழிந்தார். துணியின் துளை வழியே தனித்தனி செல்களாக உதிர்ந்தது பஞ்சு. கதை முடிஞ்சதுனு நினைக்கிறீங்களா? அதான் இல்லை! உதிர்ந்த செல்கள் ஊர்ந்து ஊர்ந்து ஒன்றுசேர்ந்து, மறுபடி கடல்பஞ்சாக வளர்ந்தன.

1955-ல் டவுன்ஸ், ஹோல்ட்ஃப்ரேட்டர் என்ற இருவர் ஒரு படி மேலே போனார்கள். நீரிலும் நிலத்திலும் வாழும் உயிரினங்களின் கருவிலிருந்து தோல் செல்கள், நரம்பு செல்கள் இரண்டையும் எடுத்து, பிரித்து, கலக்கிவிட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நரம்பு செல்கள் உள்ளே போக, தோல் செல்கள் வெளியே வந்து போர்த்திக்கொண்டன. கருவில் இருப்பது போலவே!

எப்படி? 1963-ல் மால்கம் ஸ்டெய்ன்பெர்க் சொன்ன விளக்கம் ரொம்ப சிம்பிள். தண்ணீரும் எண்ணெயும் பிரிகிற மாதிரிதான். ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கும் செல்கள் நடுவில் சேரும். பிடி தளர்ந்தவை சுற்றி நிற்கும். அந்தப் பிடிக்குக் காரணமான ‘கேட்ஹெரின்’ என்ற புரதத்தைப் பிற்பாடு அடையாளம் காட்டியவர் ஜப்பானின் மசடோஷி டகெய்ச்சி. 1994-ல் இருவரும் சேர்ந்து சோதித்தார்கள். ஒரே வகை செல்கள், ஒரே கேட்ஹெரின், அளவு மட்டும் வேறு. அதிகம் வைத்திருந்த செல்கள் நடுவுக்குப் போய்விட்டன! செல்லின் மேற்பரப்பில் இருக்கும் இழுவிசைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு என்பது அதன்பிறகு தெரிய வந்தது.

சரி, பிடி விட்டுப்போனால்? அங்கேதான் வில்லன் என்ட்ரி. 1998-ல் நியூசிலாந்தின் மவோரி குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த வயிற்றுப் புற்றுநோயை ஆராய்ந்தபோது, ‘இ-கேட்ஹெரின்’ ஜீனில் கோளாறு இருந்தது தெரிந்தது. பிடியை இழந்த செல்கள் கட்டியாகத் திரளாமல் தனித்தனியாகப் பரவுவதால், எண்டோஸ்கோப்பிக்கும் எளிதில் சிக்காது. அதனால் அந்த ஜீன் கோளாறு உள்ளவர்களில் பலர், நோய் வரும் முன்பே இரைப்பையை ஆபரேஷன் செய்து எடுத்துவிடுகிறார்கள்.

அடுத்த தடவை செல் பயாலஜி வகுப்பில் கேட்ஹெரின் பேர் வந்தால் தூங்கிடாதீங்க பாஸ். நீங்கள் உதிராமல் ஒரே ஆளாக உட்கார்ந்திருப்பதில் அதுக்கும் பங்கு இருக்கு!