பன்னிரண்டு கிலோ கணக்கு!

காஞ்சிபுரத்தில் எதையும் எடை போட்டுத்தான் பேசுவார்கள். பிள்ளையார்பாளையம் பக்கம் போய்ப் பாருங்கள். நெசவாளருக்குப் பட்டு நூல் கொடுக்கும்போது ஒரு எடை, ஜரிகைக்கு ஒரு எடை, நெய்து முடித்த சேலையைக் கொண்டுவந்து கொடுக்கும்போது மறுபடி ஓர் எடை. கிராம் குறைந்தால் கேள்வி வரும். நியாயம்தான், காசு சமாசாரம்!

ஆனால், தராசே இல்லாமல் எடை போடப்படும் ஒரு ஜீவன் இந்த ஊரில் உண்டு. (உங்கள் ஊரிலும்தான் சார்!) குழந்தை பெற்று மூன்று மாதம் ஆன பெண். குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் கையில் ஒரு சோப்பு டப்பா, வாயில் ஒரு வாக்கியம். "என்னம்மா, இப்படி ஊதிட்டே?" அவர் காபி குடித்துவிட்டுக் கிளம்பினதும் அடுத்தவர் வருவார். "என்னடி, பால் குடுக்கிறவ இப்படி இளைச்சுக் கெடக்கே?" ஒரே பெண், ஒரே சாயங்காலம்!

இது பெண்கள் பகுதியில் வரவேண்டிய விஷயம் என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். ஆபீஸ் போகிற இளைஞர்கள்தான் முக்கியமாகப் படிக்க வேண்டும். 'கல்யாணத்தப்ப எப்படி இருந்தா!' என்று ஆல்பத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்க்கிற கூட்டம் அதுதானே?

பெரிய காஞ்சிபுரத்தில் எனக்குத் தெரிந்த தையல்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் சொல்கிறார்: "சேலைக்கு ஒண்ணும் ஆகாது சார். கல்யாணப் பட்டை அறுபது வயசிலேயும் கட்டலாம். ரவிக்கைதான் மாட்டிக்கும். அதனால கல்யாண ரவிக்கைன்னா உள்ளே ரெண்டு விரக்கடை துணி விட்டுத்தான் தைப்பேன். முதல் குழந்தைக்கு ஒரு தையல் பிரிச்சு விடுவேன். ரெண்டாவதுக்கு இன்னொரு தையல்." டாக்டருக்குப் படிக்காத மனிதர். ஆனால் உடம்பு மாறும், அதற்கு இடம் விட வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த பாஷை பற்று வரவு ஒன்றுதான். அதிலேயே பார்ப்போம். கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணுக்குக் கூடுகிற எடை சுமாராக 12 கிலோ. இதில் குழந்தை 3 கிலோ. நஞ்சு முக்கால், பனிக்குட நீர் முக்கால். ஆக நாலரை கிலோ, பிரசவ அறையிலேயே பைசல். கொஞ்சம் ரத்தமும் போவதால் 5 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 'மிச்சம் ஏழு எங்கே போச்சு?' என்று ஆடிட்டர் மாதிரி கேட்கிறார்களே, அதற்கும் வவுச்சர் இருக்கிறது. உடம்பில் கூடின ரத்தமும் நீரும் இரண்டரை கிலோவுக்கு மேல். முதல் வாரம், பத்து நாளில் இதில் பெரும்பகுதி சிறுநீராகவும் வியர்வையாகவும் வெளியேறும். (ராத்திரி நைட்டி நனைய வியர்ப்பது இதனால்தான். காய்ச்சல் அடித்தால் விஷயம் வேறு, டாக்டரிடம் போக வேண்டும்.) கர்ப்பப்பை பிரசவத்தன்று ஒரு கிலோ. ஆறு வாரத்தில் அது சுருங்கிச் சுருங்கி 70 கிராம் அளவுக்கு வந்துவிடும். யோசித்துப் பாருங்கள், ஒரு கிலோ சாமான் ஆறே வாரத்தில் எலுமிச்சம்பழ எடைக்கு வருகிறது. நம் தொந்தியில் கால் கிலோ குறைக்க நாம் எத்தனை வருஷமாகச் சபதம் போடுகிறோம்!

பாக்கி மூன்று, மூன்றரை கிலோ கொழுப்பு. இதைத்தான் எல்லோரும் நஷ்டக் கணக்கில் எழுதுகிறார்கள். தப்பு. இது ரிசர்வ் ஃபண்ட். தாய்ப்பால் சுரக்க ஒரு நாளைக்கு சுமார் 500 கலோரி கூடுதலாக வேண்டும். சாப்பாட்டில் குறைந்தால் உடம்பு இந்த ரிசர்விலிருந்து எடுத்துக்கொள்ளும். குழந்தை பிறந்த அடுத்த மாதமே பட்டினி கிடந்து இளைக்கப் பார்ப்பது, டெபாசிட்டை முதிர்வுக்கு முன்னாலேயே உடைக்கிற வேலை.

இனி வயிறு. குழந்தை வெளியே வந்த பிறகும் வயிறு ஐந்து மாதம் போல இருக்கும். அது கொழுப்பு மட்டும் இல்லை. நடு வயிற்றில் மேலிருந்து கீழாக இரண்டு தசைப் பட்டைகள், நடுவே அவற்றை இணைக்கும் ஒரு சவ்வு. காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சொன்னால் புரியும்: உடலும் கரையும் சேருகிற கோர்வை மாதிரி. ஒன்பது மாதம் இழுபட்டதில் அந்த இணைப்பு அகலமாகிவிடுகிறது. பலருக்கு இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே கூடிவிடும், சிலருக்கு நாளாகும். இந்தச் சமயத்தில் சினிமா ஹீரோ மாதிரி படுத்து எழுந்து தண்டால் எடுத்தால் வயிறு இன்னும் முன்னே தள்ளும்.

பாட்டிமார் இதற்குத்தான் பழைய பருத்தித் துணியால் வயிற்றைக் கட்டினார்கள். (எங்கள் வீட்டில் அந்த கௌரவம் என்னுடைய நல்ல வேட்டி ஒன்றுக்குக் கிடைத்தது.) லேசாகக் கட்டினால் முதுகுக்கு இதம், சிசேரியன் செய்தவருக்கு இருமும்போது ஒரு பிடிமானம். ஆனால் அந்தக் கட்டு கொழுப்பைக் கரைக்காது. மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தமெல்லாம் கீழே இடுப்படித் தசைகளுக்குப் போகும். அவை ஏற்கெனவே தளர்ந்து கிடக்கின்றன. தும்மினால், சிரித்தால் சொட்டுச் சிறுநீர் கசிகிறது என்று எத்தனையோ பெண்கள் புருஷனிடம்கூடச் சொல்லாமல் மறைக்கிறார்கள். சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை 1948-லேயே ஆர்னால்ட் கெகெல் என்ற அமெரிக்க டாக்டர் எழுதி வைத்துவிட்டார். உட்கார்ந்த இடத்தில் செய்யலாம், பைசா செலவில்லை.

பத்தியத்தைப் பற்றி எழுதினால் அடி விழும். பரவாயில்லை. பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு, சுக்கும் மிளகும் திப்பிலியும் போட்ட லேகியம் எல்லாம் சரி. ஆனால் லேகியத்தில் மருந்தைவிட வெல்லமும் நெய்யும் அதிகம் என்பதை மறந்து, வேளைக்கு ஒரு எலுமிச்சையளவு உருட்டிக் கொடுத்துவிட்டு, 'ஏன் பெருத்தே?' என்று கேட்பது என்ன நியாயம்? 'தண்ணி நிறையக் குடிச்சா வயிறு தொங்கிடும்' என்று டம்ளரைப் பிடுங்குகிறார்களே, அது மட்டும் கூடவே கூடாது. பால் கொடுக்கிறவள் தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்க வேண்டும்.

முடி? மூன்றாம், நாலாம் மாதத்தில் சீப்பு நிறைய வரும். கர்ப்பத்தில் உதிராமல் நின்ற முடி மொத்தமாக உதிர்கிறது, அவ்வளவுதான். ஒரு வருஷத்துக்குள் பெரும்பாலும் சரியாகும். ஷாம்பு கம்பெனியைத் திட்ட வேண்டாம்.

நட்சத்திரங்களுக்கும் விலக்கு இல்லை. ஐஸ்வர்யா ராய்க்கு 2011 நவம்பரில் பெண் குழந்தை பிறந்தது. அடுத்த மே மாதம் கான் திரைப்பட விழாவுக்குப் போனபோது அவர் எடையைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. 'வாரணம் ஆயிரம்' சமீரா ரெட்டியை மறந்திருக்க மாட்டீர்கள். 2015-ல் முதல் குழந்தை பிறந்த பிறகு 100 கிலோவைத் தாண்டியதையும், மனசு ஒடிந்து வெளியில் தலைகாட்டாமல் இருந்ததையும் அவரே பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னார். மனசு ஒடிவது ஏதோ பணக்கார வியாதி இல்லை. இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த கணக்குப்படி, பிரசவித்த பெண்களில் 22 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு. ஐந்தில் ஒருவர்! முதல் பத்துப் பதினைந்து நாள் அழுகை சகஜம். அதற்கு மேலும் நீடித்தால், தூக்கம் போய், குழந்தையைத் தொடவே பிடிக்காமல் போனால், அது டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். அதேபோல ஆறேழு மாதம் ஆகியும் எடை இறங்காமல், அசதியும் மலச்சிக்கலுமாக இருந்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு மக்கர் செய்வது உண்டு.

இதிலெல்லாம் நேரம்தான் மருந்து. அந்த நேரம் யாருக்குக் கிடைக்கிறது? தமிழக அரசு ஊழியருக்கு 2021-லிருந்து 12 மாத மகப்பேறு விடுப்பு. கம்பெனிகளில் 2017 சட்டத் திருத்தப்படி 26 வாரம். பிள்ளையார்பாளையத்தில் தார் சுற்றுகிற, குழித்தறியில் இறங்கிக் கால் மிதிக்கிற பெண்ணுக்கு? நெய்தால் கூலி. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாய் என்று 2018-ல் உயர்த்தினார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தப் பணத்தைத் தவணை தவணையாகக் கொடுக்கிறார்கள், தறியோ தினமும் கூப்பிடுகிறது. 'பிரசவத்துக்கு அப்புறம் ஜிம்முக்குப் போனேன்' என்கிற பேட்டிகளைப் படிக்கும்போது எனக்கு அந்தக் குழித்தறிதான் ஞாபகம் வரும்.

ஆண்களுக்கு? மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் கம்பெனியில் முதலாளி மனசு வைத்தால்தான். எனவே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டு ராத்திரி திரும்புகிற அப்பாக்களிடம் ஒன்றே ஒன்று. சுகப்பிரசவம் என்றால் தெம்பு வந்ததும், சிசேரியன் என்றால் டாக்டர் சொன்ன பிறகு, நடை ஆரம்பிக்கலாம். வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் ஏராளம். நடக்க அவளுக்கு வேண்டியது புது ஷூ இல்லை, கை காலியாக இருக்கிற அரை மணி நேரம். வந்ததும் டி.வி. ரிமோட்டை எடுக்காமல் குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். அவள் காமாட்சியம்மன் கோயில் வரை காலாற நடந்துவிட்டு வரட்டும்.

குழந்தை அழுமே என்பீர்கள். அழும். தோளில் பால் கக்கும், அதுவும் நாளைக்குப் போட எடுத்து வைத்த சட்டையாகப் பார்த்து. வேறு சட்டை இஸ்திரி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.