பல் நாற்காலியும் மலைப் பாதையும்

பல் வைத்தியரின் நாற்காலியில் அமர்ந்ததும் அஞ்சாதவர்கள் மிகச் சிலரே. தைரியசாலி என்று பெயரெடுத்தவர்கூட ஊசியைக் கண்டதும் முகம் வெளுத்து மூர்ச்சையாகி விடுவதுண்டு. பல் வைத்தியசாலைகளில் நேரிடும் திடீர் அபாயங்களுள் மிகச் சாதாரணமானது இந்த மயக்கந்தான். நாற்காலியைச் சாய்த்து, கால்களைச் சற்று உயர்த்தி வைத்தால் அநேகமாய் இரண்டொரு நிமிஷத்தில் தெளிந்துவிடும். ஆனால் எல்லா மயக்கமும் இவ்வளவு சாதுவானதல்ல. ரத்தத்தில் சர்க்கரை குறைந்து மயங்குகிறவர் உண்டு. மருந்து ஒவ்வாமல் தொண்டை வீங்கி மூச்சுத் திணறுகிறவர் உண்டு. மாரடைப்பினால் சாய்கிறவரும் உண்டு.

பட்டணத்தில் இப்படி நேர்ந்தால், பெரிய ஆஸ்பத்திரி நாலு தெருவுக்கு அப்பால் இருக்கும். ஜவ்வாது மலையில் அப்படியில்லை. வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று ஜில்லாக்களில் பரவிக் கிடக்கும் இம்மலையில், மலையாளிகள் என்று பெயர் பெற்ற பழங்குடி மக்கள் சாமை விளைவித்தும் தேன் எடுத்தும் வாழ்ந்து வருகிறார்கள். ஜமுனாமரத்தூரிலிருந்து அடிவாரத்துப் போளூருக்கு வளைந்து வளைந்து இறங்கும் பாதை சுமார் 40 கிலோமீட்டர். இதே மலையிலுள்ள காவலூரில் 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இருக்கிறது. அதன் வழியே பார்த்தால் நட்சத்திரம் அருகில் வந்துவிடும். பெரிய ஆஸ்பத்திரி வருமா?

இருதயம் நின்றுபோனால் நாலைந்து நிமிஷத்திற்குள் மூளை கெடத் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது என்றாலும், மலைப் பாதை மலைப் பாதைதானே! ஆகவே, மலையூரில் பல் வைத்தியம் செய்பவரும், முகாம் நடத்தச் செல்பவரும், வண்டி வந்து சேரும்வரை உயிரைத் தாங்குவதற்கு வேண்டியவற்றைக் கையோடு வைத்திருத்தல் அவசியம்.

அவை மலைபோன்ற சாமான்கள் அல்ல. பிராணவாயு உருளை, முகமூடியோடு கூடிய காற்றுப் பை, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் கருவிகள், குளுகோஸ், ஆஸ்பிரின், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து, அட்ரினலின் ஆகியவையே முக்கியமானவை. இவற்றுள் அட்ரினலின் விசித்திரமானது. பல்லை மரக்கச் செய்யும் லிக்னோகெய்ன் ஊசியிலேயே 80,000-இல் ஒரு பங்கோ 2,00,000-இல் ஒரு பங்கோ அது கலந்திருப்பதுண்டு. கடும் ஒவ்வாமைக்கோ 1,000-இல் ஒரு பங்குள்ள மருந்தில், வயது வந்தவருக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே செலுத்தவேண்டும். தாமதித்தால் உயிருக்கே அபாயம். மருந்தின் காலாவதித் தேதியை மாதந்தோறும் பார்த்துவர வேண்டும்.

பெட்டி நிறைந்திருந்தால் மட்டும் போதாது, கை பழகியிருக்கவேண்டும். ஒருவர் நோயாளியை விட்டு நகராமல், நாடி நின்றிருந்தால் மார்பை நிமிஷத்திற்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அமுக்க வேண்டும். இன்னொருவர் பெட்டியையும் பிராணவாயுவையும் கொண்டுவர வேண்டும். மூன்றாமவர் 108-ஐ அழைத்து, விளக்கோடு சாலையில் நின்று வழிகாட்ட வேண்டும். மலையில் கைப்பேசி எவ்விடத்தில் பேசும் என்பதையும் முன்னதாகவே அறிந்திருக்க வேண்டும். நாடகத்துக்கு ஒத்திகை உண்டு. உயிர் காக்கும் காரியத்துக்கு வேண்டாமா?

வருமுன் காப்பதோ இன்னும் எளிது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை விழுங்கிவிட்டு, விடியற்காலையில் வெறும் வயிற்றோடு புறப்பட்டு வருகிற முதியவர்தான் மயங்கி விழுவார். "சாப்பிட்டீர்களா?" என்று கேட்பது நம் நாட்டு உபசாரம்; பல் வைத்தியசாலையில் அதுவே வைத்தியமும் ஆகிறது. இருதய நோய், வலிப்பு, பெனிசிலின் ஒவ்வாமை, ரத்தம் உறையாதிருக்கச் சாப்பிடும் மருந்து ஆகியவற்றையும் கேட்டறிந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

நேயர்களுக்கும் இதில் பங்குண்டு. அடுத்த முறை வீட்டுப் பெரியவரைப் பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லும்போது, அவர் உட்கொள்ளும் மருந்துச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். "பிராணவாயு எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல வைத்தியர் கோபித்துக்கொள்ள மாட்டார், எழுந்துபோய்க் காட்டுவார்.