வேகத்தை அடக்கும் வித்தை

சேலத்திலிருந்து சேர்வராயன் மலைமீது ஏறி ஏற்காட்டை அடையும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவ்வழியே பேருந்து கீழே இறங்கும்போது கவனியுங்கள். எஞ்சின் உரக்க உறுமும். வண்டியோ மெதுவாகவே நகரும். சரிவில் தானே உருளக்கூடிய வண்டியை ஓட்டுநர் ஏன் தாழ்ந்த கியரில் ஓட்டுகிறார்?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். பயணிகளுடன் பேருந்தின் நிறை 12,000 கிலோகிராம் என்று கொள்வோம். ஏற்காடு, சேலத்தைவிட ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கினால், மலைமேல் பேருந்துக்குள்ள நிலை ஆற்றல் சுமார் 14 கோடி ஜூல் என்று கிடைக்கும். 30 டிகிரி வெப்பநிலையில் உள்ள 480 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும்! இவ்வளவு ஆற்றலையும் பிரேக்குகளே வெப்பமாக மாற்ற வேண்டுமென்றால் அவை அளவுக்கு மீறிச் சூடேறி உராய்வை இழக்கும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. அதனால்தான் ஓட்டுநர் அந்தச் சுமையில் ஒரு பகுதியை எஞ்சினிடம் ஒப்படைக்கிறார்.

இதே சிக்கலை மணிக்கு 300 கி.மீ. வேகத்தில், பகலும் இரவும் சந்திப்பவர்கள் உண்டு. பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் 1923-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 24 மணி நேரக் கார்ப் பந்தயம்தான் அவர்களது களம். ஒரு சுற்று சுமார் 13.6 கி.மீ. ஒரே காரை மூவர் மாறி மாறி ஓட்டுவார்கள். 24 மணி நேரத்தில் அதிகத் தொலைவு கடக்கும் காருக்கே வெற்றி. பிரெஞ்சு வீரர் ஆன்ரி பெஸ்கரோலோ இப்பந்தயத்தில் 33 முறை கலந்துகொண்டு, 4 முறை வென்றார். அத்தனை அனுபவம் உள்ளவருக்கே எட்டில் ஒரு முறைதான் வெற்றி கிட்டியது என்றால் இப்பந்தயம் எவ்வளவு கடினமானது என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

நம் நாட்டவர் இதில் எப்போது ஓட்டினர்? 2009-இல் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் தகுதி பெற்றார். ஆனால் பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன் அவருடைய தோள்மூட்டு பிசகிவிட்டது. மற்ற இருவர் மட்டுமே ஓட்டி 7-ஆம் இடம் பிடித்தனர்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் அந்த வாய்ப்பு சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக்குக்கு வந்தது. 1984-இல் பிறந்த இவர் மோட்டார் பந்தயக் குடும்பத்தில் வளர்ந்தவர். 2006-இல் ஆசிய ஃபார்முலா ரெனால்ட் வி6 போட்டித் தொடரில் முதலிடம் பெற்றார். 2010-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நுழைந்தார். ஆனால் கிடைத்ததோ புதிய குழுவின் வேகம் குறைந்த கார். அந்த ஆண்டில் 10 பந்தயங்கள், அடுத்த ஆண்டில் ஒன்றே ஒன்று. ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. 27 வயதில் இனி என்ன செய்வது? அவர் நெடுந்தூரப் பந்தயத்தின் பக்கம் திரும்பினார்.

அங்கே தேவைப்படும் திறமை வேறு. 900 கிலோகிராம் நிறையுள்ள கார், 300 கி.மீ. வேகத்திலிருந்து 100 கி.மீ. வேகத்துக்குக் குறைய வேண்டும் என்போம். அதன் இயக்க ஆற்றலில் சுமார் 28 இலட்சம் ஜூல் சில விநாடிகளுக்குள் வெளியேற வேண்டும். காற்றின் தடை ஒரு பங்கை ஏற்கும். மீதியில் பெரும்பகுதி பிரேக் தட்டுகளைப் பழுக்கக் காய்ச்சும். ஒரு சுற்றில் 8 முறை பிரேக் போடுவதாகக் கொண்டாலும், 350 சுற்றுகளில் 2,800 முறை! ஒவ்வொரு முறையும் தட்டு சிறிது தேயும். குறுகிய பந்தயத்தில் கடைசி நொடிவரை பொறுத்து ஓங்கி மிதிக்கலாம். இங்கே அப்படிச் செய்பவரின் கார் விடியும்முன் ஓய்ந்துவிடக்கூடும்.

2012 ஜூனில் கருண், டேவிட் பிராபம், பீட்டர் டம்பிரெக் மூவரும் ஹோண்டா எஞ்சின் பொருத்திய காரை ஓட்டி 4,800 கி.மீ.க்கு மேல் கடந்தனர். 6-ஆம் இடம் பெற்றனர். லெ மான் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெயர் கருணுக்குக் கிடைத்தது. பெரிய தொழிற்சாலைகளின் கார்களுக்கு எதிரே ஒரு தனியார் குழு பெற்ற அந்த இடம் சிறிதன்று.

அவ்வாண்டு வென்ற ஆடி காரிலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. அது பிரேக் போடும்போது வெளியேறும் ஆற்றலில் ஒரு பகுதியைக் கொண்டு ஒரு சக்கரத்தை மிக விரைவாகச் சுழலவிட்டது. வளைவைத் தாண்டியதும் அந்தச் சுழற்சியிலிருந்து மின்சாரம் பெற்று முன்சக்கரங்களை உந்தியது. வீணாகும் வெப்பம் வேகமாகத் திரும்பி வந்தது! கலப்பின எஞ்சின் கார் லெ மானில் வென்றது அதுவே முதல் தடவை.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு கணக்கு: நீங்களும் உங்கள் மிதிவண்டியும் சேர்ந்து 60 கிலோகிராம், வேகம் மணிக்கு 18 கி.மீ. பிரேக் பிடித்து நின்றால் எத்தனை ஜூல் வெப்பமாகும்? வேகம் இரு மடங்கானால் விடை எத்தனை மடங்காகும்? இரண்டாவது விடையைக் கண்டுபிடித்தவர்கள், சரிவில் விரையும்முன் ஒருமுறை நிச்சயம் யோசிப்பார்கள்.