3,000 மணி நேரத்தில் குடும்பத்துக்கு எத்தனை?

கலிஃபோர்னியாவில் திருமண, குடும்ப சிகிச்சையாளர் உரிமம் வாங்க, மேற்பார்வையில் 3,000 மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும். வாரத்துக்கு 40 மணிக்கு மேல் கணக்கில் ஏறாது. அப்படியே ஓட்டினால் 75 வாரத்தில் முடிந்துவிடும். சட்டமோ குறைந்தது 104 வாரம் கேட்கிறது. இந்த 3,000-இல் நேரடி ஆலோசனை 1,750 மணியாவது இருக்க வேண்டும். அதற்குள் தம்பதி, குடும்பம், குழந்தைகளுக்கென்று கட்டாயம் 500. பெயரிலேயே குடும்பம் இருக்கிற தொழிலுக்கு ஆறில் ஒரு பங்குதான்!

குடும்பம் என்றால் கணக்கே வேறு. தனி ஆள் வந்தால் சிகிச்சையாளருக்கு உறவு ஒன்று. நான்கு பேர் குடும்பமாக வந்தால் அவரோடு 4, தங்களுக்குள் 6, ஆக 10. இந்த உறவுப் பிணைப்பைத்தான் ‘சிகிச்சைக் கூட்டணி’ என்கிறார்கள். கூட்டணி என்றதும் நமக்குத் தொகுதிப் பங்கீடு ஞாபகம் வரும். இங்கும் ஒருவருக்கு அதிகம் கொடுத்தால் இன்னொருவர் முறுக்கிக்கொள்வார்.

2018-இல் 48 ஆய்வுகளை, அதாவது 2,568 குடும்பங்களையும் 1,545 தம்பதிகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். கூட்டணிக்கும் பலனுக்குமான ஒட்டுறவுக் கெழு 0.297. வர்க்கப்படுத்தினால், பலனில் தெரியும் வேறுபாட்டில் சுமார் 9%. சின்னதாகத் தோன்றும். ஆனால் 295 ஆய்வுகள் கொண்ட தனிநபர் சிகிச்சைக் கணக்கிலும் 0.278தான். சிகிச்சையாளரிடம் அம்மா நெருங்கி, மகள் விலகி நிற்கிற பிளவுக் கூட்டணியைப் பார்த்தவை 7 ஆய்வுகளே. பிளவுக்கும் பலன் குறைவுக்குமான கெழு 0.316.

இந்தப் பிளவைக் கண்ணால் பிடிக்கப் பழக்குவது சாஃப்டா என்ற கருவி. 2006-இல் ஃப்ரீட்லாண்டர், எஸ்குதெரோ, ஹெதரிங்டன் மூவரும் நூலாகவே வெளியிட்டார்கள். ஈடுபாடு, உணர்வுப் பிணைப்பு, பாதுகாப்பு, பொது நோக்கம் என 4 அளவைகள். ஒவ்வொன்றுக்கும் −3 முதல் +3 வரை மதிப்பெண். வீடியோவை ஓடவிட்டு அறிகுறிகளை எண்ண வேண்டும். மகள் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை, கைப்பையை மடியை விட்டு இறக்கவில்லை என்றால், பாதுகாப்புக் கணக்கில் அது கழித்தல் பக்கம்.

இதையெல்லாம் பேச நேரம் எங்கே? கலிஃபோர்னியா விதி கேட்பது குறைந்தது வாரம் 1 மணி தனி மேற்பார்வை, இல்லையென்றால் 2 மணி குழு மேற்பார்வை. குழுவில் 8 பேர் வரை இருக்கலாம்; 120 நிமிடத்தை வகுத்தால் ஆளுக்கு 15. ஒரு மணி நேர அமர்விலிருந்து எதைக் காட்டுவது? நானாக இருந்தால் நன்றாகப் பேசிய இடத்தைத்தான் எடுத்துப்போவேன். அந்தப் பெண் பையைக் கீழே வைத்தது 40-வது நிமிடத்தில் என்றால், அது மேற்பார்வையாளர் கண்ணில் படாமலே போகும்.